ஊற்றில் வந்த சாயம்

எங்கள் தெருவில் அத்தனை வீட்டுக் கக்கூஸுக்குள்ளும் போய்வந்த ஒரே மனிதப்பிறவி சாயக்கார அக்காதான். வேறு யாருக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

நீலகிரியில் அரவேணுப் பக்கம், தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருக்கிறது எங்கள் தெரு. வெளுத்துப்போன ஸ்வெட்டர்களுக்குச் சாயம் போட்டுத் தருவது அக்காவின் தொழில். போன வருஷம் மழைக்கு முன்னால் அவருக்குத் திடீரென்று ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. ஸ்வெட்டரைக் கொடுத்த கையோடு, "ஏனுங்க, பாத்ரூம் எங்கீங்க?" என்பார். காலையில் பக்கத்து வீட்டில், மதியம் எதிர் வீட்டில், சாயங்காலம் எங்கள் வீட்டில்! நான் ஆடிப்போய்விட்டேன். என் மனைவி அது நீர்க்கடுப்புதான் என்று முடிவுகட்டி, பார்லிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். அதையும் குடித்துவிட்டு மறுபடி உள்ளே போனார்.

பிறகு மழை பிடித்தது. ஒரு நாள் காலையில், கீழே லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர்கள் கூட்டமாக மேடேறி வந்தார்கள். முன்னால் வந்தவர் கையில் ரோஸ் நிற வேட்டி. "நேத்து வரைக்கும் இது வெள்ளைங்க!" என்று கத்தினார்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். தெருவுக்கும் லயத்துக்கும் நடுவில் இருக்கும் ஊற்றில், பாறை இடுக்குக்கு ஒரு நிறமாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. லயமே குடிக்கிற தண்ணீர் அது.

"எந்தப் பாவி சாயத்தக் கலந்தது?" என்று குதித்தார், எங்கள் தெருவில் மொறுமொறு பிஸ்கட் சுட்டு விற்கும் வர்க்கிக் கடைக்காரர்.

"நாந்தானுங்க" என்றார் அக்கா. "ஒவ்வொரு ஊட்டுக் கக்கூஸ்லயும் ஒவ்வொரு கலர் போட்டனுங்க. மஞ்சள் உங்க ஊடு. பச்சை இந்தா, சார் ஊடு."

ஊர் பார்க்க என் வீட்டுப் பச்சை குபுகுபுவென்று வருகிறது!

"குடிக்கிற தண்ணியக் கெடுத்துப் போட்டீங்களே!" என்று கத்தினார் கடைக்காரர்.

"கலர் இன்னிக்குத்தானுங்க வந்துச்சு. மத்ததெல்லாம் தினமும் வந்துட்டுத்தானுங்க இருந்துச்சு!"

வர்க்கிக் கடைக்காரர் அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். மறுபக்கச் சரிவில் தெருவின் கழிவுநீருக்கென்று பஞ்சாயத்து ஒரு சுத்திகரிப்புத் தொட்டி கட்டி, கூழாங்கல் கொட்டி, கல்வாழை நட்டு வைத்திருந்தது. குழாய் இழுக்க முற்றத்து சிமெண்டை உடைக்க வேண்டுமே என்று ஒருவரும் இணைப்பு வாங்கவில்லை. கல்வாழையை ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

அக்காவின் மகள் அந்த லயத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பேத்திக்கு வயிற்றுப்போக்கு கண்டு, கோத்தகிரி ஆஸ்பத்திரியில் பிழைத்ததே பெரும்பாடு. எந்த வீட்டுக் கழிவு என்று கண்டுபிடித்து, அந்த வாசலில் மண்ணை வாரித் தூற்றப்போவதாக அக்கா சபதமே போட்டிருந்தாராம். நாளைக்கு யாரும் ஒரு பேச்சு பேசிவிடக் கூடாதென்று தன் வீட்டிலும் ஊதாவைப் போட்டிருந்தார்.

"எங்கூட்டுது வராதுங்க. கக்கூஸ் தொட்டி புதுசு" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நடு இடுக்கில் ஊதா இறங்கியது. மற்ற எல்லா நிறத்தையும் விட அதுதான் கெட்டியாக இருந்தது.

அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்போ, எம் பேத்திக்கு அந்தச் சீக்க நாந்தான் குடுத்தனாங்க?"

அவர் விறுவிறுவென்று மேடேறிப் போனார். கடப்பாரையை எடுத்து, கொட்டுகிற மழையில் தன் முற்றத்தை இடிக்க ஆரம்பித்தார். வர்க்கிக் கடைக்காரர் நைசாக வீட்டுக்குள் நழுவினார். தப்பித்துக்கொண்டார் என்று நினைத்தேன். மண்வெட்டியோடு திரும்பி வந்தார். அதற்கப்புறம் நான் மட்டும் எப்படிச் சும்மா நிற்பது?

அந்த மழைக்காலம் முடிவதற்குள் எல்லா வீட்டுக் குழாயும் பஞ்சாயத்துத் தொட்டிக்குப் போய்விட்டது. கல்வாழையைச் சுற்றி வேலி போட்டதில் ஆடுகளுக்குத்தான் பெரிய நஷ்டம்.

இந்த வருஷ மழையில் லயத்திலிருந்து ஒரு குழந்தையையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. போன வாரம் அந்தப் பேத்தி ஊற்றில் குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். "இன்னுங் கொஞ்சம் குடி சாமி" என்றார் அக்கா. இந்த மனுஷி நூறு வயசு வரைக்கும் எங்கள் தெருவிலேயே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.