நெஞ்சளவு கடலில் நான் காப்பாற்றிய பிள்ளை

கடலைப் பார்க்காதவனுக்குத்தான் கடலைப் பற்றி எல்லாம் தெரியும். தலை நரைக்கும் வரைக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன். லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தேயிலை ஃபாக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலைக்குப் போனவன் நான். ஆனால் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறவனுக்கு என்னென்ன நடக்கும் என்று கேட்டுப் பாருங்கள், விடிய விடியச் சொல்வேன். டிவியில் பார்த்த இங்கிலீஷ் படங்களும், டவுனில் பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்த சாகச நாவல்களும் கொடுத்த ஞானம்.

அதில் சில சட்டங்கள் உண்டு. சிரித்துக்கொண்டு இறங்குகிறவன் திரும்பி வரமாட்டான். "கரைக்கு வந்ததும் கல்யாணம்" என்று சொல்லிவிட்டு இறங்குகிறவன் நிச்சயமாக வரமாட்டான். காற்றுக் குழாயை அறுப்பதற்கென்றே ஒரு வில்லன் கத்தியோடு பாறைக்குப் பின்னால் காத்திருப்பான் (அவனுக்கு மட்டும் காற்று எப்படித் தீராமல் இருந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள்). கடலடி தீபாவளி மாதிரி வெளிச்சமாக இருக்கும். காற்று தீரப்போகிற நேரம் பார்த்துத்தான் பெட்டி நிறையத் தங்கம் கண்ணில் படும். சுறா வரும். மேலே படகில் இருப்பவர்கள் குமிழியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். குமிழி நிற்கும். பிறகு செத்தவனுடைய தொப்பியோ துணியோ ஏதாவது ஒன்று மட்டும் தனியாக மிதந்து வரும். நாவலென்றால் அந்த இடத்தில் அத்தியாயம் முடியும்.

இதையெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு ரசித்தவன்தான் நான், என் மூத்த பிள்ளை தண்ணீரில் போகும் வரைக்கும்.

மழைக்காலத்தில், தோட்டத்து ஆற்றில் போனான். சின்னப் பிள்ளை. நான் கரையில் நின்றேன். எனக்கு நீச்சல் தெரியாது. குதிக்கப் போன என்னை நாலு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. கோயில் மாரியம்மா அவனைத் தன்னிடம் வைத்திருக்கிறாள் என்று நம்பித்தான் நானும் என் மனைவி லெச்சுமியும் இத்தனை வருஷமாகச் சோறு தின்கிறோம்.

அப்படிப்பட்ட வீட்டில் இளையவன் ரவி ஒருநாள் வந்து சொன்னான்: "அப்பா, பாசிக்குடாவுல டைவிங் படிக்கப் போறேன். பாஸ் பண்ணினா அங்க ஹோட்டல்லயே வேலை."

"ஏன்டா, உலகத்துல வேற வேலையே இல்லையா? கொழும்புல கடைக்குப் போயேன்."

"ஆயுசுக்கும் தண்ணிக்குப் பயந்துக்கிட்டே இருக்க முடியாதுப்பா."

லெச்சுமி கோயிலில் பூஜை வைத்து, மஞ்சளில் நனைத்த துணித் துண்டை அவன் மணிக்கட்டில் காப்பாகக் கட்டினாள். "பரீட்சை முடியிற வரைக்கும் அவுக்காத சாமி" என்றாள். எங்கள் சனத்துக்குக் காப்பு என்றால் விளையாட்டு இல்லை. காரியம் முடியும் முன்னே அது அவிழ்ந்தால், கட்டியிருந்தவனுக்கு ஆபத்து என்று அர்த்தம்.

பரீட்சை நாளில் வரவே வேண்டாம் என்று ரவி சொல்லியிருந்தான். போனோம். பஸ் பிபிலையைத் தாண்டும் வரைக்கும் லெச்சுமிக்கு நான் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"சுறா வந்தா மூக்குல ஒரு குத்து குத்தணும். ஓடிரும்."

"அது ரவிக்குத் தெரியுமா?"

"படத்துல பார்த்திருப்பான்."

அதன் பிறகு அவள் என் பக்கம் திரும்பவில்லை. கண்ணை மூடிச் சாமி பேரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

பாசிக்குடாக் கடல் தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடந்தது. எவ்வளவு தூரம் நடந்தாலும் ஆழம் வராது. ரவியும், அவனோடு படிக்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும், பழக்குகிற மட்டக்களப்பு மாஸ்டரும் நெஞ்சளவு தண்ணீருக்குப் போய் உள்ளே முழங்காலிட்டார்கள். நாங்களும் சும்மா நிற்காமல் தண்ணீரில் நடந்து கிட்டே போனோம்.

வாயில் இருக்கிற குழாயைக் கழற்றி விட்டுவிட்டு, மறுபடியும் தேடிப் பிடித்து வாயில் வைக்க வேண்டும், அதுதான் பரீட்சை. இது எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்த படங்களில் ஒருத்தன்கூடப் பரீட்சை எழுதினதில்லை. உடுப்பைப் போட்டதும் நேரே தங்கப் பெட்டிக்குப் போவான்.

கண்ணாடி மாதிரித் தண்ணீர். ரவி தன் கையாலேயே வாயிலிருந்து குழாயைப் பிடுங்குகிறான். குமிழி குறைகிறது. அப்போது மஞ்சள் துணி ஒன்று தனியாக மேலே மிதந்து வந்தது.

"காப்பு!" என்றாள் லெச்சுமி.

இந்தத் தடவை என்னைப் பிடிக்க நாலு பேர் இல்லை. "தாயே!" என்று பாய்ந்தேன். இடுப்பில் கட்டியிருந்த சாரம் காலில் சிக்கித் தலைகுப்புற விழுந்தேன். மூக்கிலும் வாயிலும் உப்பு. கண் தெரியவில்லை. கையில் அகப்பட்டதை இறுக்கிப் பிடித்து, உடம்பிலுள்ள பலமெல்லாம் சேர்த்து மேலே இழுத்தேன்.

வந்தது வெள்ளைக்காரப் பெண். முகத்தில் இருந்த கண்ணாடி இடித்து மூக்கில் ரத்தம். அவளைப் பொறுத்தவரைக்கும் அந்தக் கடலில் சுறா நான்தான். என்னுடைய சாரமோ அவிழ்ந்து தனியாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. சினிமாச் சட்டப்படி பார்த்தால் செத்ததும் நான்தான். உள்ளே காற்சட்டை போட்டிருந்தது அம்மன் புண்ணியம்.

"என்னண்ணே செஞ்சு வெச்சிருக்கீங்க? புள்ள எக்ஸாம் செய்யிறான்!" என்று மாஸ்டர் கத்தினார்.

"வாயில இருந்த குழாய எடுத்துட்டான் ஐயா!"

"எடுக்கத்தானே சொன்னது!"

ரவி எழுந்து நின்று என்னையே பார்த்தான். பரீட்சை அத்தோடு நின்றது. மூக்கில் ரத்தம் வந்த பெண் அந்த ஹோட்டலில்தான் தங்கியிருந்தாள். அங்கே வேலை கிடைக்கும் என்ற பேச்சும் முடிந்தது. மூன்று பேருமாக பஸ் ஏறினோம். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள்கூட எங்களைவிட அதிகமாகப் பேசியிருப்பார்கள்.

வழியில் டீ குடிக்க பஸ்ஸை நிறுத்தினார்கள். பிளேன்டீயைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான் ரவி.

"அண்ணன் போனப்ப நீங்க குதிக்கத்தான் பார்த்தீங்க, பிடிச்சுக்கிட்டாங்கன்னு அம்மா சொல்லும். நான் நம்பினதில்லப்பா."

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு நம்புறேன்," என்றான். பிறகு, "ஆனா அந்தப் பொம்பள மூக்கு பாவம்ப்பா" என்றான். லெச்சுமிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு ரவி வேறோர் இடத்தில் பரீட்சையைப் பாஸ் பண்ணி, இப்போது திருகோணமலையில் தினமும் கடலில் இறங்குகிறான். தோட்டத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் "சுறா மாமா வந்துட்டாரு, மூக்கப் பொத்திக்கங்க" என்கிறார்கள். நானும் சிரித்துக்கொள்கிறேன். டிவியில் கடல் படம் வந்தால் லெச்சுமி எழுந்து சேனலை மாற்றிவிடுவாள்.

கரையேறியதும் ரவி அவளுக்குப் போன் எடுப்பான். "அம்மா, சுறா சாப்பிட்டுச்சா?" என்று கேட்பான்.

அந்தக் கேள்வி வரும் வரைக்கும் சுறா சாப்பிடுவதில்லை.