மாமனார் பெட்டிக்குக் கண்டென்சர் மாற்றினேன்

நன்றாக வேலை செய்யும் எந்தப் பொருளையும் என் கண்ணில் காட்டக்கூடாது. திறந்துவிடுவேன். கடிகாரம், மிக்ஸி, தையல் மிஷின் எதுவும் என்னிடம் தப்பியதில்லை. அந்த வரிசையில் ஒருமுறை ஒரு மனிதரையே திறந்துவிட்டேன் என்பதுதான் உப்புக்காற்று இரும்பை அரிப்பதுபோல இன்னும் உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது.

அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். காதல் கல்யாணம். கௌரியின் அப்பா என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஞாயிறுதோறும் காலடிப்பேட்டையிலிருந்து ராயபுரம் போவேன். கைகட்டி, குனிந்து, புது மாப்பிள்ளைக்குரிய பவ்யத்தோடு “நல்லா இருக்கீங்களா மாமா” என்பேன். அவர் சுவரைப் பார்ப்பார். (சுவராவது பதில் சொல்லியிருக்கலாம்.)

எண்ணூரில் ஓர் ஆலையில் முப்பது வருடம் கொதிகலன் பக்கத்தில் நின்று ஓய்வு பெற்றவர். அவருக்கென்று இருந்தவை, கப்பலில் வேலை பார்த்த ஒருவரிடம் வாங்கிய இரண்டு மர ஸ்பீக்கர் பெட்டிகள். ஞாயிறு காலை அதில் ஒரு பழைய பக்திப் பாட்டு ஓடும். பல்லவி முடிந்து சலங்கை ஒலிக்கும் இடத்தில் ஆள்காட்டி விரலை மூன்று முறை அசைப்பார்.

பெட்டியைப் பிடித்தால் அவரைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

பெட்டிக்குள் கிராஸ்ஓவர் என்று சின்னப் பலகை ஒன்று உண்டு. தடித்த ஒலியைப் பெரிய ஸ்பீக்கருக்கும், சலங்கை மாதிரி மெல்லியதைச் சின்ன ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும். அதில் மெல்லிய ஒலியை ட்வீட்டருக்கு விடும் கண்டென்சர் கிழடாகிவிட்டது என்று கௌரியின் தம்பி பாபுவை நம்பவைத்துப் பெட்டிகளை வாங்கிப் போனேன். நான் வாங்கிய புதுக் கண்டென்சர்கள் ஒவ்வொன்றும் பஜ்ஜி அளவு. பலகையில் இடமில்லை. கால்களை மட்டும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, உடம்பை அந்தரத்தில் விட்டேன். போட்டுப் பார்த்தபோது சலங்கை கண்ணாடித் தூளாய் அறையெங்கும் சிதறியது. அழுதேவிட்டேன். (ஈயப் புகையும் ஒரு காரணம்.)

அடுத்த ஞாயிறு மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் பெட்டிகளை ஏற்றினேன். கன்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட சாலையில் டோல்கேட் வருவதற்குள் என் முதுகெலும்பே இடம் மாறியிருந்தது. தொங்கிய கண்டென்சர்களின் கதி என்ன என்று இந்த மேதைக்குத் தோன்றவில்லை.

வீடே கூடி உட்கார்ந்தது. பாட்டு தொடங்கியது. தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து யாரோ பாடுகிறார்கள்.

“இன்னா மாமு, பாட்டுக்குக் கம்பளி போத்தி இட்டாந்துட்டியா?” என்றான் பாபு.

“செவனேன்னு பாடிகினு இருந்துச்சு, அதப் போயி நோண்டி வச்சிகிறியே!” என்றார் அத்தை, கௌரியின் அம்மா.

நான் மாமனாரையே பார்த்தேன். கண்மூடி இருந்தார். பல்லவி முடிந்தது. சலங்கை வரவேண்டிய இடத்தில் கும்மென்று ஓர் இருட்டு. அவர் விரல் மட்டும் மூன்று முறை அசைந்தது.

கண்ணைத் திறந்து, முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

“சோக்கா பண்ணிக்கிற மாப்ள. சலங்க சும்மா கணீர்னு கீது.”

பாபுவின் சிரிப்பு பாதியில் நின்றது. கௌரி எழுந்து அவர் முதுகுக்குப் பின்னால் போய், மெதுவாக, “நைனா” என்றாள். அவர் திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த வீட்டில் சாதாரணப் பேச்சே சண்டை மாதிரிதான் இருக்கும். அதனால் அவருக்குக் காது மந்தமானது யாருக்கும் தெரியவில்லை. மரியாதையாக முணுமுணுத்தவன் நான் ஒருவன்தான். “வாயத் தொறக்காத திமிரு புடிச்ச மாப்ளன்னு நெனச்சிகினு இருந்தேம்பா” என்று பின்னால் ஒருநாள் மாமா சொன்னார். எட்டு மாதம் இரண்டு பேரும் ஒருவர் பேசக் காத்து ஒருவர் உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

கண்டென்சர்களை இழுத்துக் கட்டி மறுபடி பற்றவைத்தேன். அவருக்கும் காது மிஷின் வந்தது. அதை மாட்டிய முதல் ஞாயிறு, சலங்கை அவர்மேல் பாய்ந்தது. கூடவே குக்கர் விசில், லாரி ஹாரன், அத்தையின் குரல். முகம் சுருங்கியது. மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “இப்ப சரியாய்டுச்சு” என்றார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

மாமா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. மகளின் மார்க் ஷீட்டோ, வேண்டாத கல்யாணப் பத்திரிகையோ வீட்டுக்குள் வந்தால், யாராவது காதிலிருந்து எதையோ கழற்றிப் பையில் போடுவதுபோல் செய்து, “இப்ப சரியாய்டுச்சு” என்பார்கள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.