ராமலெட்சுமி (44) என்பவர்

“…என்பவரா? பதினேழு வருஷம் சோறு பொங்கிப் போட்டவ ‘என்பவர்’ ஆயிட்டேனா? அதுலயும் நாப்பத்திநாலாம்! எனக்கு எப்பம் நாப்பத்திநாலு ஆச்சு?”

கேட்டது என் மனைவி ராமலெட்சுமி. குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில் என் முதல் நாவலின் வெளியீட்டு விழா தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. முதல் பிரதியை வாங்க வேண்டியவள் அவள். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் ஏலம் கூறுபவரின் மகள் என்பதால், அவள் கேள்வி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

அவள் விரித்துப் பிடித்திருந்த சமர்ப்பணப் பக்கத்தில் இருந்தது இதுதான்:

‘தென்காசியைச் சேர்ந்த ராமலெட்சுமி (44) என்பவருக்கு.’

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். பத்தொன்பது வருடம் நாளிதழுக்குக் குற்றச் செய்தி எழுதிய விரலும் அப்படித்தான். “வயசு எங்கவே? வயசில்லாம ஒருத்தன் எப்படிவே சாவான்?” என்று போனில் கத்தியே என்னைப் பழக்கிய செய்தி ஆசிரியரை இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்மேல் கால் பங்கு, என்மேல் முக்கால் பங்கு.

பின்னே? நிருபர் வேலையை விட்டு நாவல் எழுதப்போகிறேன் என்றபோது, “எழுதுங்க, பாத்துக்கிடலாம்” என்றவள் அவள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து, என் கோழிக் கிறுக்கலை நானூறு பக்கம் கணினியில் அடித்தவளும் அவள்தான். சமர்ப்பணத்தை மட்டும் அவளுக்குத் தெரியாமல் அச்சகத்து வாசலில் நின்று போனிலேயே தட்டி அனுப்பினேன். (ஆச்சரியப்படுத்துகிறாராம், மடையன்!)

மச்சான், அவள் தம்பி, போலீஸ் ஏட்டு. டூட்டியிலிருந்து காக்கிச் சட்டையோடு வந்திருந்தான். எட்டிப் பார்த்துவிட்டு, “அத்தான், ஒரு செக்‌ஷன் மட்டும் போட்டா எஃப்.ஐ.ஆரேதான்” என்றான்.

“நீ வாய மூடுலே” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “எனக்கு என்ன வயசு? சொல்லுங்க பாப்போம்.”

“நாப்பத்திரெண்டு…?”

“முப்பத்தொம்பது! ஸ்டேஷன்ல குத்தவச்சிருக்கவன் வயசெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதுனீயளே, வீட்ல இருக்கவகிட்ட ஒருநா கேட்டீயளா?”

 

அவள் மேடை ஏறவில்லை. முதல் பிரதியை மச்சான்தான் வாங்கினான். அந்தப் போட்டோவில் என் நாவலைப் பறிமுதல் செய்வதுபோலவே நிற்கிறான். சொந்தக்காரர்கள் இப்போதும் போன் செய்தால், “என்பவர் இருக்காகளா?” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

அன்றைக்கு மேடையிலிருந்து இறங்கியதும் அவளிடம் ஓடினேன். “அடுத்த பதிப்புல திருத்திருதேன்.”

“மொதல்ல இது விக்கட்டும்” என்றாள். தம்பியின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினாள். விற்பனை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியாக விரித்து, 44-ஐ அடித்து 39 ஆக்கினாள். அதற்குக் கீழே, கரும்பலகைக் கையெழுத்தில், ஒரு வரி சேர்த்தாள்:

‘இதுதொடர்பாகக் கணவரிடம் விசாரணை நடந்து வருகிறது.’