தேவாங்கு வளர்த்த கிருமி

ஒரு காட்டில், சீழோ சளியோ யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும் தேவாங்கு ஒன்று ஆய்வகம் நடத்தி வந்தது. பெயர் மங்கையர்க்கரசி. அவசரம் என்ற பேச்சே அதற்கு ஆகாது.

ஒருநாள் பெரியகருப்பு என்ற கரடி நொண்டிக்கொண்டு வந்தது. பின்னங்காலில் புண். முயல் மெடிக்கல்ஸில் வாங்கி விழுங்கிய ஐந்து வகை மாத்திரைக்கும் கேட்கவில்லை. இப்படியே விட்டால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் கொக்கு கையை விரித்துவிட்டது.

தேவாங்கு பஞ்சுக்குச்சியால் சீழைத் தொட்டு, கிருமிக்குத் தீனி பரப்பிய தட்டில் தடவியது.

“ரெண்டு நாள் கழிச்சு வாங்கண்ணே.”

“ரெண்டு நாளா? முயல் ரெண்டே நிமிஷத்துல மாத்திரை குடுத்துடுவாரே!”

“கிருமி வளரணும்ல? வளர்ந்தாத்தானே எந்த மருந்துக்குச் சாகும்னு தெரியும்.”

மறுநாள் கிருமி முளைத்தது. அதை இன்னொரு தட்டில் பூசி, மேலே கரடி விழுங்கிய ஐந்தும் புதிதாக ஒன்றுமாக ஆறு மருந்து வில்லைகளை வைத்தது தேவாங்கு. அடுத்த நாள் பார்த்தால், ஐந்து வில்லைகளை ஒட்டிக் கிருமி ஜம்மென்று வளர்ந்திருந்தது. ஆறாவதைச் சுற்றி மட்டும் வட்டமாக வெறிச்சோடிக் கிடந்தது. தேவாங்குக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஓடிப்போய்க் கதவைத் திறந்தது.

“அண்ணே, கால் பிழைச்சிடுச்சு! இந்த ஒரு மருந்துக்குக் கேட்கும்!”

கரடி வட்டத்தைப் பார்க்கவில்லை. “தட்டு நெறய என்னது இது?”

“உங்க கால்ல இருந்த கிருமிதான்.”

“அடிப்பாவி! என் கால்ல இருந்தது துளியூண்டு. தீனி போட்டு இவ்வளவு வளத்து வச்சிருக்கியே!”

விஷயம் பஞ்சாயத்துக்குப் போனது. தலைவர் யானை கேட்டது: “கிருமி வளத்தியா, இல்லையா?”

“வளத்தேங்க. ஆனா...”

அவ்வளவுதான், ஆய்வகத்துக்குப் பூட்டு விழுந்தது. தட்டையும் ரிப்போர்ட்டையும் பள்ளம் தோண்டிப் புதைத்தார்கள். தேவாங்கு தொண்டை கிழிய அந்த ஆறாவது மருந்தின் பெயரைக் கத்திப் பார்த்தது. “கிருமி வளத்தவ சொல்ற மருந்தா?” என்று கரடி காதைப் பொத்திக்கொண்டு முயலிடம் போய், பழைய ஐந்தையும் வாங்கி விழுங்கியது.

கரடிக்கு இப்போது மூன்று கால். அதைப் பார்க்கும்போதெல்லாம் தேவாங்குக்கு மனசு ஆறுவதில்லை. பஞ்சாயத்துக்கோ பெருமை பிடிபடவில்லை. பூட்டுப் போட்ட நாளிலிருந்து, மருந்துக்கு அடங்காத கிருமி இருப்பதாக அந்தக் காட்டில் ஒரு ரிப்போர்ட்கூட வந்ததில்லை.

நீதி: கிருமியை ஒழிப்பது சுலபம். அதைக் கண்டுபிடிக்கும் இடத்தைப் பூட்டினால் போதும்.