சிவப்புக் கார்டோடு தாப்பாவுக்கு

அச்சில் வந்தது பொய் சொல்லாது என்று நம்பிய ஒரு முட்டாளை எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளி இறுதியான ஐந்தாம் படிவம் தேறியவன். பத்திரிகையில் வாசகர் கடிதம் வெளிவந்தவன். (இரண்டே வரி. அதற்கே எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருவரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டேன்.)

எழுபதுகளின் கடைசி. அப்பா மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் இருபது வருஷம் மருந்தடித்தும் சிவப்பு அடையாளக் கார்டுக்காரர், குடியுரிமை இல்லை. வருஷா வருஷம் வேலை பெர்மிட்டுக்குக் கெஞ்ச வேண்டும். அடுத்த வருஷம் அதுவும் கிடைக்காது என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி சொல்லிவிட்டார். குடிமக்களுக்கான நீலக் கார்டு இருந்தால்தான் வேலை, லயத்து வீடு எல்லாம்.

அந்த நேரம் பார்த்து ரிங்லெட் மளிகைக் கடையில் ஒரு துண்டறிக்கை கிடைத்தது. திங்கட்கிழமை மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு வந்தால் நீலக் கார்டுக்கு மனுக் கொடுக்கலாமாம். போட்டது யார், எந்த வருஷத்துத் திங்கட்கிழமை, ஒன்றும் இல்லை. காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, ரேடியோக்காரன் மாதிரி அதை வாசித்தேன்.

கொழுந்து பறிக்கும் அஞ்சலையக்கா, அவரும் சிவப்புக் கார்டுதான், குறுக்கே வந்தார். "இங்க மேல தானா ராத்தா ஆபீசுலதான் என் தம்பி கூட்டுறான். திங்கக்கெழம கார்டு மனு வாங்குற லிப்பிஸ் ஆபீசர் அங்க வராருன்னு மேசையெல்லாம் தொடைக்கச் சொன்னாங்களாம் லா."

"எதுலக்கா போட்டிருக்கு?"

"எதுலயும் போடல. தொடைச்சதே அவன்தான்."

எழுதப் படிக்கத் தெரியாதவரோடு என்ன வாதம் என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பைச் செருப்பால் அடிக்க இன்றைக்கும் கை துடிக்கிறது.

திங்கட்கிழமை காய்கறி லோரியில் அப்பாவை ஏற்றிக்கொண்டு இறங்கினேன். வளைவுக்கு ஒரு வாந்தி. தாப்பா குமாஸ்தா கார்டைப் பார்த்தார், துண்டறிக்கையைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"இது போன வருஷத்து நோட்டீஸ் தம்பி. அதுவும் இந்தப் பேராக் மாநிலத்து ஆளுங்களுக்கு. உங்க மலை பஹாங்குல்ல?"

ரோடு தாப்பாவில் இறங்குவதால் அதுவே எங்கள் தலைநகரம் என்று நினைத்த மேதை நான். (புவியியலில் சிறப்புத் தேர்ச்சி வேறு.)

சாயங்காலம் திரும்பினால், பஹாங் மாநிலத்து லிப்பிஸ் அதிகாரி தானா ராத்தாவுக்கு வந்து போயிருந்தார். காலையில் எங்கள் லோரி ஒதுங்கி மரியாதையாக வழிவிட்டதே ஒரு அரசாங்க ஜீப், அதில்தான் ஏறி வந்திருக்கிறார். அஞ்சலையக்காவின் மனு உள்ளே போய்விட்டது.

பெர்மிட் முடியும்வரை அதிகாரி மறுபடி வரவில்லை; அப்பாவுக்கு வேலை போனது, வீடும் போனது. திரிங்காப் ஊரில் யாருடைய கோஸ் தோட்டத்திலோ களை பிடுங்கி, ஏழு வருஷம் கழித்துத்தான் நீலக் கார்டைப் பார்த்தார்.

இப்போது என் மகன் கைப்பேசியில் வந்ததை எல்லாம் உரக்க வாசிக்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வரும்: "அஞ்சலையக்காவக் கேட்டியா?"

அக்கா காலமாகிப் பல வருஷமாகிறது. மகன் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் வாசிப்பதை நிறுத்திவிட்டு, அனுப்பியது யார் என்று தேட ஆரம்பிப்பான்.