ஷீட்டு பிரிக்க வந்த மெதுவா அண்ணாச்சி

ராஜபாளையத்தில் ஒரு மனிதர் வாயைத் திறந்ததும் தெரு முழுக்க ஜன்னலைச் சாத்தியது என்றால், அது மெதுவா அண்ணாச்சிக்கு மட்டும்தான். மற்றவர்கள் வாயைத் திறந்தால் ஊர் சாத்துவது காதை.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை பிரிப்பது அவர் தொழில். சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். ஏணியில் நின்றபடி நாள் முழுக்க "மெதுவா, மெதுவா" என்று ஆட்களை அதட்டியதில் அதுவே பெயராகிவிட்டது. மற்றவர்கள் சம்மட்டியால் நாலு போடு போட்டு அரை மணியில் நொறுக்கும் எட்டு ஷீட்டை அவர் சாயங்காலம் வரை பிரிப்பார். வயல் மருந்தடிக்கும் தெளிப்பானில் சோப்புத் தண்ணீர் நிரப்பி முதலில் நனைப்பார். துரு ஏறிய போல்டை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஷீட்டை முழுசாகக் கயிற்றில் இறக்குவார். பெண்ணை மணவறைக்கு அழைத்து வருபவர்கள்கூட அவ்வளவு பதமாக நடந்து நான் பார்த்ததில்லை.

நான் ஒரு நூற்பாலையில் முப்பத்தோரு வருடம் பாதுகாப்பு அதிகாரி. அந்த ஆஸ்பெஸ்டாஸ் தூசி கண்ணுக்குத் தெரியாது, நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது, கேடு தெரிய இருபது முப்பது வருடம் ஆகும் என்று பதினோரு பக்கச் சுற்றறிக்கை எழுதியவன். ஆலையில் அதன்மேல் வடை வைத்துத் தின்றார்கள். நான் கொடுத்த முகமூடியில் ஒருவர் வெற்றிலை வைத்திருந்தார்.

அண்ணாச்சியோ கூரை பிரிக்கும் முன்பு வீடு வீடாகப் போவார்.

"ஏட்டி செல்லம்மா, கொடியில கெடக்க துணிய எடுத்துட்டு ஜன்னலச் சாத்து."

"எம்புட்டு நேரம் அண்ணாச்சி?"

"பொழுது சாயுற வரைக்கும்."

"அம்புட்டு நேரமா? சீரியல் பாக்கணுமே."

"டிவியவா சாத்தச் சொன்னேன்?"

செல்லம்மா சிரித்துக்கொண்டே சாத்துவாள். இதே விஷயத்தை இதே செல்லம்மாவிடம் நான் ஒருமுறை விளக்கியிருக்கிறேன். "உள்ள வந்து காப்பி குடிச்சுட்டுப் பேசுங்க சார்" என்றாள். காப்பி நன்றாக இருந்தது. ஜன்னல் திறந்தே இருந்தது.

அவரிடம் வேலை கேட்டு ஒருவன் வந்தான். அய்யனார் கோவிலுக்கு நேர்ந்து விட்ட தாடி, நெஞ்சு வரை.

"தாடிக்கு மேல முகமூடி ஒட்டாதுலே. இடுக்கு வழியா தூசி போயிரும். கோவில்ல தாடியோட சேத்து மொட்டை போட்டுட்டு வா, வேலை தாரேன்."

அடுத்த வாரமே பளபளவென்று வந்து நின்றான். முகமூடி முகத்தோடு படிய வேண்டும் என்று படம் போட்டு நான் வகுப்பு எடுத்திருக்கிறேன். எனக்காக ஒருத்தனும் ஒரு முடியைச் சிரைத்ததில்லை.

உடைந்த துண்டை யாருக்கும் கொடுக்க மாட்டார். டீக்கடைக்காரர் கோழிக்கூண்டுக்கு ரெண்டு துண்டு கேட்டபோது, "கோழிக்கும் நெஞ்சு இருக்குல்லா?" என்றார். கனத்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று சுற்றி, டேப் ஒட்டி, 'பிரிக்காதே' என்று சிவப்பில் எழுதி, நகராட்சி சொன்ன இடத்துக்குத் தானே கூடப் போவார். கூரை விரிசல் இல்லாமல் இருந்தால் வேலையே வேண்டாம் என்பார். "நல்லா இருக்கிறத ஏன் நோண்டுதிய? பெயிண்ட் அடிச்சு விடுங்க. துளை மட்டும் போடாதிய." வந்த வேலையைத் திருப்பி அனுப்பும் மனிதரை எந்த நடைமுறையில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் மகள் பிரசவத்துக்கு வருவதாக இருந்தது. தொட்டில் கட்ட எங்கள் பின்னறைதான் தோது. அதன் கூரையோ விரிசல் விட்டு, பொடிப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. இருபது நாள்தான் இருந்தது.

"மெதுவா அண்ணாச்சியக் கூப்பிடுங்க" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியாத முறையா?"

"உங்களுக்குச் சொல்லத் தெரியும். அவுகளுக்குச் செய்யத் தெரியும்."

அவர் வந்தார். ஒரு தப்பாவது செய்யமாட்டாரா என்று நோட்டும் பேனாவுமாக வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன்.

"சார், காத்து அங்கிட்டுதான் அடிக்கி. வாசப்பக்கம் போய் உக்காருங்க."

நோட்டில் ஒன்றும் எழுதாமல் எழுந்து போனேன்.

கடைசி ஷீட்டையும் சுற்றிக் கட்டி, தரையை ஈரத்துணியால் துடைத்து முடித்தார். விளக்குமாறோடு வந்த என் மனைவியை மறித்து, அதை வாங்கி மதிலுக்கு அந்தப்பக்கம் எறிந்தார். "கூட்டுனா தூசி எந்திரிச்சிரும் தாயி." பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒரு ஷீட்டுல வட்டமா ஓட்டை இருந்துச்சே. ரம்பத்தால அறுத்தது. யாரு?"

மனைவியும் என்னைப் பார்த்தாள்.

அது ஆண்டெனா கம்பிக்காகப் போட்ட ஓட்டை. சுற்றறிக்கை எழுதிய அதே மாதம். மனைவி ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் பார்க்கும் அவசரத்தில், சொட்டுத் தண்ணீர்கூடத் தெளிக்காமல் நான்தான் அறுத்தேன். கீழே ஐந்து வயது மகள், "அப்பா, மாவு கொட்டுது" என்று கை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அண்ணாச்சி என் மனைவி பக்கம் திரும்பினார். "பழைய ஷீட்டு தாயி. வாங்கும்போதே யாரோ அறுத்து வச்சிருக்கான், களவாணிப் பய."

அவள் காப்பி போட உள்ளே போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒரு நா அறுத்ததுக்கு இப்பிடி வேர்க்கிய. பதினஞ்சு வருசம் அறுத்தே பொழச்சவன் நான். மூஞ்சி பூரா வெள்ளையா வீட்டுக்குப் போவேன், எம்பிள்ளைக ஓடியாந்து கட்டிக்கிடும். இப்போ டாக்டர் வருசா வருசம் நெஞ்சப் படம் எடுக்காரு. நீங்களும் டாக்டர்ட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க. ஒரு நா தூசிக்கு ஒண்ணும் ஆயிராது சார்."

டாக்டரிடம் சொன்னேன், அவரும் பயப்பட ஒன்றுமில்லை என்றார். மனைவியிடம் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையில்தான் அவள் முதன்முதலாகப் படிக்கப்போகிறாள்.

பேத்தி புதுத் தகரக் கூரைக்குக் கீழே தூங்குகிறாள். அண்ணாச்சிக்கு இப்போது ஏணி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மகன் வீட்டோடு போய்விட்டார். அங்கே கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆட்களை அதட்டுகிறாராம். தெருவே ஜன்னலைச் சாத்துகிறதாம். இத்தனை வருடம் அந்த மனிதர்மேல் இருந்த பொறாமை முழுவதும் இப்போது அந்த ஊர்மேல் திரும்பியிருக்கிறது.