சங்கவியின் கார்ட் திண்டிவனம் சேர்ந்த மெய்வரலாறு

கோலியனூர்,
செவ்வாய்க்கிழமை.

மல்லாட்டைக் கடலையை மலையாகக் குவித்து மார்க்கெட்டை நடுங்கவைத்தவனும், மூன்று போர்வெல் போட்டு மூன்றிலும் வெறுங்காற்றே வந்தபோதும் கலங்காதவனும், உனக்கும் உன் தங்கை சங்கவிக்கும் இந்தப் பூமண்டலத்தில் வாய்த்த ஒரே தாய்மாமனுமாகிய தாண்டவராயன், குவைத்தில் ஏசி மாட்டி மாட்டிப் பாலைவனத்தையே ஜன்னி காணவைத்திருக்கும் மருமகன் இனியவனுக்கு எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அத்தை, மாடுகள் இரண்டு, நால்வரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் ரூம்காரர்களும் வேளைக்குச் சாப்பிட்டு வெயிலில் கறுக்காமல் இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறோம்.

நிற்க. யாருமே நம்பாத ஒரு கதையை உனக்குச் சொல்வேன் என்று குலதெய்வத்தின் மேல் கை வைத்து உறுதி கூறுகிறேன். நீ நம்பமாட்டாய். உன் ரூம்காரர்கள் நம்பமாட்டார்கள். இந்தக் கடிதத்தையும் அவித்த மல்லாட்டையையும் சுமந்து வரும் கோட்டக்குப்பம் கலீல் ரஹ்மான் விமானத்தில் பிரித்துப் படித்தால் அவரும் நம்பமாட்டார். ஆனாலும், "திண்டிவனத்துல இன்னா மாமா ஆச்சு? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்று நீ போனில் கேட்டுவிட்டாய். கேட்டபின் சொல்லாமல் இருப்பது மாமனுக்கு அழகல்ல.

நம்ம சங்கவி காலேஜில் தன் சிநேகிதி நிலோஃபரோடு சேர்ந்து ரேஸ் கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டி ஒன்று செய்திருப்பது உனக்குத் தெரியும். கூரை கிடையாது, கதவு கிடையாது, அடிப்பக்கத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு ஊத்தப்பம் நுழையாது. சுருக்கமாகச் சொன்னால் நாலு சக்கரம் வைத்த முறம். ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு மைதானத்தில் ரேஸ். காலை ஒன்பது மணிக்குள் கொண்டுபோய்ச் சோதனைக்கு நிறுத்தவேண்டும், நிறுத்தாத வண்டி ஓடக்கூடாது, வருஷம் பூரா பட்ட பாடு போச்சு. வாடகைக்குச் சொல்லி வைத்திருந்த வண்டிக்காரன் விடியற்காலையில் போனை அணைத்துவிட்டான். பதறிப்போன பெண் யாருக்குப் போன் போட்டிருக்க வேண்டும்? நீயே சொல். பிக்கப் வண்டி வைத்திருக்கிற தாய்மாமனுக்குத்தானே? போட்டது யாருக்கு? உன் சித்தப்பன் துரைக்கண்ணுவுக்கு! காது குத்தினப்ப அவ யாரு மடியில உக்காந்து ஊரு அதிரக் கத்தினா? என் மடியில. அன்னைக்குக் கடிச்ச கடி இன்னும் தோள்ல கீது. காது குத்தறதுக்கு மாமன் மடி, கார்ட் ஏத்தறதுக்குச் சித்தப்பன் வண்டியா?

துரைக்கண்ணு புதிதாக வாங்கியிருக்கும் பிக்கப்பை நீ பார்த்ததில்லை. பார்க்காதே, கண் கூசும். வெள்ளை வெளேரென்று, பாலில் முக்கி எடுத்த யானை மாதிரி. சீட்டுக்குப் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை. உட்கார்ந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் வரும். சாவியில் ஒரு பொத்தான். அமுக்கினால் வண்டி "கீக் கீக்" என்று பதில் சொல்லும். அந்தப் பதிலைக் கேட்பதற்காகவே சாப்பாட்டு நடுவில் எச்சில் கையோடு எழுந்துபோய் அமுக்குகிறானாம். எனக்குப் பொறாமை என்று உன் அத்தை சொல்கிறாள். பொறாமையா, எனக்கா? அந்த வண்டி வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை என்றால் அது புழுக்கத்தால்.

சரி. விஷயம் உன் அம்மா வேணி மூலமாக என் காதுக்கு எட்டியது. அடுத்த நிமிஷம் என் பிக்கப்பை உதைத்துக் கிளப்பினேன். கிளம்பிய சத்தத்தில் கோலியனூர்க் கோழிகள் எல்லாம் அடுத்த வாரத்து முட்டையையும் சேர்த்து இட்டுவிட்டன. பெண் பிள்ளை முதன்முதலாக ஒரு போட்டிக்குப் போகும்போது மாமன் சீர் இல்லாமல் போகலாமா? வாழைத்தார், தேங்காய், வெற்றிலை, சம்பங்கி மாலை, கார்ட்டின் கழுத்தில் கட்ட ஒரு ஜாக்கெட் துணி, எல்லாவற்றையும் தட்டில் அடுக்கிக்கொண்டு காலேஜ் வாசலில் போய் நின்றேன். துரைக்கண்ணு சாவியை விரலில் சுழற்றிக்கினு நிற்கிறான்.

"இன்னா மச்சான், நீ எங்க இந்தப் பக்கம்?"

"மாமன் இருக்கச்சொல்ல பொண்ணோட வண்டி சித்தப்பன் வண்டியில ஏறுமா? தள்ளிக்கோ."

"உன் வண்டியில ஏத்தினா மல்லாட்டைத் தோலு பூந்து இஞ்சினு அடைச்சிக்கும் மச்சான்."

"உன் வண்டியில ஏத்தினா மட்டும்? கீறல் வுழுந்துடும்னு கார்ட்ட இடுப்புல தூக்கிக்கினு வரச் சொல்லுவ."

இந்த நேரத்தில் நான் கற்பூரத்தை ஏற்ற, "அங்கிள்! டேங்க்ல பெட்ரோல் இருக்கு அங்கிள்!" என்று நிலோஃபர் அலறிய அலறலில் கற்பூரம் தானாகவே அணைந்துவிட்டது. சங்கவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் ஜல்தி முடிவு பண்ணுங்க. ஒரே பேஜாரா போச்சு. மணி ஆவுது மாமா." உடனே நிலோஃபர் ஸ்பானரை எடுத்தாள், உட்கார்ந்தாள், நான்கு சக்கரத்தையும் கழற்றினாள். "பாடி மாமா வண்டி. சக்கரம் சித்தப்பா வண்டி. சண்ட முடிஞ்சிச்சா?" என்றாள். ஐகோர்ட்டில்கூட இப்படி ஒரு தீர்ப்பு வந்ததில்லை.

ஆனால் சண்டை எங்கே முடிந்தது? சீர் வரிசையில் தாய்மாமன்தான் முன்னால் போகணும், இது சூரியன் கிழக்கில் உதிக்கிற மாதிரி. துரைக்கண்ணுவோ புது வண்டிதான் முன்னால் என்கிறான். அவன் முந்த, நான் முந்த, அவன் முந்த, நான் முந்த. விழுப்புரம் தாண்டியதிலிருந்து திண்டிவனம் வரைக்கும் ஸ்டியரிங்கைவிட்டு என் கை விலகவே இல்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் எங்களைக் கண்டதும் கட்டை தானாக எழுந்து கும்பிட்டது. நாங்கள் கிளப்பிய காற்றில் மயிலம் மலை மயில்கள் எல்லாம் தோகையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டன. என் வண்டியின் நிழலால் ஈடுகொடுக்க முடியவில்லை. கூட்டேரிப்பட்டிலேயே மூச்சிரைத்து நின்றுவிட்டது. திரும்பி வரும்போதுதான் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

மைதானத்துக்குத் திரும்புகிற இடம் வந்தது. நான் திரும்பினேன். துரைக்கண்ணு திரும்பவில்லை. திரும்பினால் என் பின்னால் வந்ததாக ஆகிவிடுமே என்று நேராக விட்டான் மாப்ளே, திண்டிவனத்தைத் தாண்டி, ஓலக்கூரைத் தாண்டி, நாலு சக்கரத்தோடு மெட்ராஸைப் பார்க்க!

இங்கே சங்கவியின் கார்ட் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் தரையில் உட்கார்ந்திருக்கிறது. சோதனைக்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சங்கவி திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கையுறையைப் போடுகிறாள், கழற்றுகிறாள், போடுகிறாள். போனை எடுத்தேன். இந்த உலகத்தில் எவனிடமும் சொல்லக்கூடாத வார்த்தையைத் துரைக்கண்ணுவிடம் சொன்னேன்.

"மச்சான், நீதான் முன்ன. நீதான் ஜெயிச்ச. சக்கரத்த எடுத்துக்கினு வா."

"சரியா கேக்கல மச்சான். இன்னொரு தபா சொல்லு, ஸ்பீக்கர்ல போடறேன்."

இன்னொரு தபாவும் சொன்னேன். சொன்ன நாக்கில் இன்னும் கசப்பு போகவில்லை, உன் அத்தை ஒரு கிலோ வெல்லம் கொடுத்துப் பார்த்துவிட்டாள். அந்த மகராசன் வண்டியைத் திருப்பினால் தோற்றதாகிவிடும் என்று அத்தனை தூரத்தையும் ரிவர்சிலேயே வந்தான். எதிரே வந்த பஸ்காரர்கள் எல்லாம் தாங்கள்தான் பின்னால் போகிறோமோ என்று பயந்து இறங்கிப் பார்த்தார்கள். சக்கரம் மாட்டி, சங்கவி ஏறி, கொடி அசைந்தது. அப்புறம் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் எவருமில்லை, அவ்வளவு வேகம். ரெண்டாவதாக வந்தவனை இன்னும் தேடிக்கினு இருக்காங்க. கொடுத்த கோப்பை இரண்டு பிக்கப்பிலும் அடங்காமல் கிரேன் வைத்துக் கொண்டுவந்தோம்.

ஆகையால் அருமை மருமகனே, உன் சித்தப்பன் உன்னிடம் வேறு மாதிரி அளந்தால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடு. நீ நூறு வயசு இரு, உன் ஏசிகள் ஒழுகாமல் இருக்கட்டும், தை மாசம் வரும்போது உனக்கு ஒரு பெண் பார்க்கிற யோகம் கூடட்டும். வேணியும் உன் அத்தையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
கோ. தாண்டவராயன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் சங்கவி வந்து படித்துவிட்டாள். "அண்ணன் நம்பித் தொலைக்கப் போவுது மாமா, உள்ளத எழுது" என்று இடுப்பில் கை வைத்துக்கினு நிற்கிறாள். எழுதுகிறேன். என் பிக்கப் அன்று வாசலைவிட்டு நகரவே இல்லை, பேட்டரி போய்விட்டது. சீர்த் தட்டோடு டவுன் பஸ்ஸில்தான் போனேன். யாரும் சக்கரத்தைக் கழற்றவில்லை. கார்ட் முழுசாகத் துரைக்கண்ணு வண்டியில்தான் ஏறியது, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, ரிவர்சில் எவனும் வரவில்லை. சங்கவி ஏழாவதாக வந்தாள். கோப்பை இல்லை, டீ கொடுத்தார்கள்.

ஸ்டியரிங் விஷயம் மட்டும் நிஜம். கார்ட்டை இழுத்துக் கட்டும் பெல்ட்டு ஒன்று கிளம்பும் நேரத்தில் அறுந்துபோனது. கார்ட்டுக்குள் ஒருவர் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே வரவேண்டும், இல்லாவிட்டால் உருண்டுவிடும். சங்கவி சுற்றிலும் பார்த்தாள். "மாமா, நீ ஏறு. நீ மிதிச்சா நான் தைரியமா முன்னாடி உக்காருவேன்" என்றாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சம்பங்கி மாலையோடு, துரைக்கண்ணு வண்டியின் பின்தட்டில் நின்ற கார்ட்டுக்குள் உட்கார்ந்து, அவன் திருப்பிய வளைவை எல்லாம் நானும் திருப்பிக்கொண்டே திண்டிவனம் போனேன். வழி நெடுக பஸ் ஜன்னல்களில் கை அசைந்தது எனக்கு. முன்னால் ஓட்டிய அவனை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ரேஸ் முடிந்து கிளம்பும்போது துரைக்கண்ணு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த "கீக் கீக்" சாவியை என் கையில் வைத்தான். "மச்சான், இந்தத் தபா நீ ஓட்டேன். நா பின்னாடி உக்காந்துக்கினு வர்றேன்."

சாவியை அவன் சட்டைப் பையிலேயே திருப்பிப் போட்டுவிட்டு, கார்ட்டில் ஏறி உட்கார்ந்தேன்.